நூற்றுக்குப் பத்து

ஜாஹ்னவிக்கு ஓட்டை வாய். அதில் எதுவும் தங்காது. வேலையில் சேர்ந்த அன்றே அம்மா அம்ருதவல்லி, "போற இடத்துல கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, போதும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நாவலஞ்சேரியில் அவள் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னாள். அதுவே ஊரைப் புரட்டிப் போடப் போதுமானதாக இருந்தது.

அவள் வேலை வண்டி எண்ணுவது. சிவில் படித்துவிட்டு, சாலைத் துறைக்குக் கணக்கெடுத்துக் கொடுக்கும் ஒரு தனியார் கம்பெனியில் இருந்தாள். கேமரா வைத்து எண்ணுவதுதான் வழக்கம். நாவலஞ்சேரி முக்கில் நட்ட கேமராக் கம்பத்தை ஒரு டிப்பர் லாரி பின்னால் வந்து படுக்க வைத்துவிட்டதால், மேனேஜர் அறிவுமதி அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடும் குடையோடும் அனுப்பி வைத்தார். மூன்று நாள். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. சாலையின் குறுக்கே சுண்ணாம்பில் ஒரு கோடு. கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு வண்டிக்கும் தாளில் ஒரு கீற்று. லாரி, பஸ், கார், பைக் என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் இந்த வருஷம் புதிதாக ஒரு கட்டம்: பேட்டரி வண்டி.

ஒரகடத்துப் பெரிய ரோட்டிலிருந்து நாவலஞ்சேரிக்கு நான்கு கிலோமீட்டர். ரோடு என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். கம்பெனி பஸ்களும் டிப்பர்களும் குறுக்கு வழி என்று புகுந்து புகுந்து அதைக் குளம் குட்டையாக்கியிருந்தன.

முதல் நாள் மொத்தம் இரண்டாயிரத்து நூற்று நாற்பது வண்டிகள். அதில் பேட்டரி வண்டி எட்டு. அந்த எட்டிலும் ஆறு, பூர்ணிமாவின் ஷேர் ஆட்டோ. செல்போன் கம்பெனியில் லைன் வேலையை விட்டுவிட்டு, லோன் போட்டு பேட்டரி ஆட்டோ எடுத்தவள் அவள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கும் கம்பெனிகளுக்கும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் முக்கில் டீக்கடை வைத்திருக்கும் வார்டு மெம்பர் நயினார் ஒரு டீயைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இன்னாம்மா எண்ற? ரோடு போடப் போறாங்களா?"

அங்கேதான் வாய் திறந்தது.

"அது கஷ்டம்ணா. ரோட்டுக்கு வர்ற பணம் பெட்ரோல், டீசல்ல பிடிக்கிற வரியில இருந்து வருது. ஊரெல்லாம் பேட்டரிக்கு மாற மாற அது சுருங்குது. இப்போ புதுசா ஒரு திட்டம் இருக்கு. எந்த ரோட்டுல நூத்துக்குப் பத்து பேட்டரி வண்டி ஓடுதோ, அந்த ரோட்டுக்குத்தான் அதுல பணம். உங்க ரோட்டுல நூத்துக்கு அரை கூட இல்ல."

நயினார் கிளாஸை வாங்கிக் கழுவப் போனார். கழுவிய கிளாஸையே வெகுநேரம் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆறேகாலுக்குப் பூர்ணிமாவின் ஆட்டோ கோட்டைத் தாண்டியது. ஆறரைக்குத் திரும்பியது. ஆறு முப்பத்தைந்துக்கு மறுபடியும் போனது. உள்ளே எப்போதும் அதே நான்கு பேர். ஏழாவது தடவை அவர்களில் ஒரு கிழவர் ஜாஹ்னவிக்கு வணக்கம் வைத்தார். எட்டாவது தடவை தூங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு பஞ்சாயத்தின் குப்பை வண்டிகள் வந்தன. பேட்டரியில் ஓடும் மூன்று வண்டிகள், குப்பையே இல்லாமல், ஒன்றன் பின் ஒன்றாகக் கல்யாண ஊர்வலம் போல. ஒன்றில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே போனார்கள். உள்ளூர் மாப்பிள்ளைகள், மச்சான்கள் வகையில் ஒரகடத்திலிருந்து ஏழு பேட்டரி ஸ்கூட்டர்கள் வரவழைக்கப்பட்டிருந்தன.

ஜாஹ்னவி அறிவுமதிக்கு போன் போட்டாள்.

"சார், ஒரே ஆட்டோ இருபத்தி மூணாவது தடவை போகுது."

"கோட்டைத் தாண்டுதா, இல்லியா?"

"தாண்டுது சார்."

"அப்போ கீறு. நம்ம ரூல்ல தாண்டினா ஒண்ணு. ஏன் தாண்டுச்சுன்னு கேட்க ரூல்ல இடமில்ல."

அவள் கீறினாள். ஆனால் மனசு ஒப்பவில்லை. குறிப்பு என்று ஓரத்தில் இருந்த காலி இடத்தில் ஒவ்வொரு வண்டியின் நம்பரையும் எழுதத் தொடங்கினாள்.

பத்து மணிக்கு நயினாருக்கு வேறொரு ஞானம் பிறந்தது. பேட்டரி வண்டியைக் கூட்டுவது ஒரு வழி என்றால், மற்ற வண்டியைக் குறைப்பதும் ஒரு வழிதானே. டிப்பர்களை ரோடு முனையிலேயே மறித்து, பாலம் உடைந்துவிட்டதாகச் சொல்லித் திருப்பினார்கள். நாவலஞ்சேரியில் பாலமே கிடையாது. பைக்கில் வந்தவர்கள் கோட்டுக்குப் பத்தடி முன்னால் இறங்கி, வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

எல்லப்பன் என்பவர் தள்ளிக்கொண்டே கோட்டருகே நின்று, "இத்தை எண்ணாதம்மா" என்றார்.

"ஏங்க?"

"ஓட்டலியே. தள்ளிக்கினுதான போறேன். இன்சின் ஆஃப்ல கீது. பெட்ரோல் செலவாவலியே, அப்புறம் இது எப்டி பெட்ரோல் வண்டி?"

ஜாஹ்னவி மீண்டும் போன் போட்டாள். அறிவுமதி, "தள்ளினா அது வண்டி இல்லம்மா. பாதசாரி" என்றார். பாதசாரிக்குத் தாளில் கட்டமே இல்லை.

மதியம் பூர்ணிமா ஆட்டோவை ஓரங்கட்டி நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். அவள் முகத்தில் கொண்டாட்டம் எதுவும் இல்லை.

"கோச்சிக்கினியா மேடம்?"

"உங்களுக்கு இன்னிக்கு வருமானம் போச்சே அக்கா. ஸ்டேஷன் பக்கமே போகலியே."

"போனாக்கா மட்டும் இன்னா? நாலு கிலோமீட்டர் ரோட்டுக்கு ஏழு கிலோமீட்டர் சார்ஜ் எறங்குது. பள்ளத்துல எறங்கி ஏறியே பேட்டரி போயிடுது. எங்க சித்தி பொண்ணு கூட ஆட்டோ எடுக்கலாம்னு கேட்டுச்சு. இந்த ரோட்டைப் பாத்துட்டு வேணாம்னுடுச்சு. பேட்டரி வண்டி வந்தா ரோடுன்றாங்க. ரோடு வந்தாத்தான மேடம் பேட்டரி வண்டி வரும்?"

ஜாஹ்னவி அந்தக் கேள்வியையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எழுதிக்கொள்வது அவளுக்குப் புதிய அனுபவம்.

அன்று பேட்டரி வண்டி நூற்று எண்பத்தெட்டு. மூன்றாம் நாள் மதியம் மூன்றரைக்குள் இருநூற்றுத் தொண்ணூறு. நயினார் கணக்குப் போட்டுப் பார்த்து, மூன்று நாளும் சேர்த்துப் பத்தைத் தாண்டிவிட்டது என்று கண்டுகொண்டார். ஆனாலும் விடவில்லை. "இன்னும் கொஞ்சம் சேத்துக்கலாம். கெவருமெண்டு ஆளுங்க எதுலயாச்சும் கொறைப்பாங்க" என்றார்.

அதற்குள் வண்டிகளுக்கு உயிர் போயிருந்தது. ரேஷன் கடையிலிருந்து ஒரு வயர், டீக்கடையிலிருந்து ஒரு வயர், படிப்பகத்திலிருந்து மூன்று வயர் இழுத்து ஐந்து வண்டிகளுக்கு ஒரே நேரத்தில் சார்ஜ் போட்டார்கள். மூன்று நாற்பதுக்கு முக்கில் இருந்த டிரான்ஸ்பார்மர் 'டொப்' என்றது. ஊர் அடங்கியது.

முதலில் வெளியே வந்தவள் நயினாரின் மனைவி ஜெயம். இரண்டு கையிலும் முழங்கை வரை மாவு.

"யோவ், கிரைண்டர்ல மாவு பாதில நின்னுடுச்சு. நாலு படி அரிசி. உன் ரோட்டுக்கு என் மாவைப் பலி குடுத்துட்டியா?"

"ரோடு வரப் போவுதுடி."

"வரட்டும். அதுல மாவைக் கொட்டித் தேச்சு தோசையா ஊத்து."

நயினார் ஒரு குப்பை வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஜாஹ்னவி குறிப்பில் எழுதினாள்: 'மாலை 3.40. ஐந்து வண்டி ஒரே நேரத்தில் சார்ஜ். டிரான்ஸ்பார்மர் தாங்கவில்லை.' மொத்தக் கணக்கின் அடியில் இன்னொரு வரியும் சேர்த்தாள்: 'பேட்டரி வண்டி தாண்டியது 486 முறை. வண்டிகள் பதினொன்று.'

இரண்டு வாரம் கழித்துக் காஞ்சிபுரத்தில் சாலைத் துறைக் கூட்டம். பெரிய இன்ஜினீயர் தமிழ்வாணன் தாளைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"ஒரே ஆட்டோ ரெண்டு நாள்ல தொண்ணூத்தி ஆறு தடவையா? அந்தம்மா எதையாவது தொலைச்சுட்டாங்களா?"

அறிவுமதி இருமினார். கூட்டத்துக்கு முன்னால் ஓரக் குறிப்புகளை எடுத்துவிடும்படி அவர் இருமுறை சொல்லியிருந்தார். ஜாஹ்னவி எடுக்கவில்லை. இப்போது எழுந்து நின்றாள்.

"தப்பு என்னுதுதான் சார். பத்து பர்சன்ட் வேணும்னு நான்தான் டீக்கடையில சொல்லிட்டேன்."

யாரோ சிரித்தார்கள். தமிழ்வாணன் சிரிக்கவில்லை.

"அப்போ இந்த ஊருக்குத் திட்டத்துல இடமில்ல. உண்மையில பதினோரு வண்டி. அதுலயும் பாதி இரவல்."

"இல்லதான் சார். ஆனா பழைய பணம் வத்திக்கிட்டு வருது, புதுப் பணம் வண்டி இருந்தாத்தான்னு சொல்றோம். ரோடு மோசம்னு யாரும் பேட்டரி வண்டி வாங்கறதில்ல. வாங்கினவங்க அஞ்சு பேர் சார்ஜ் போட்டா ஊரே இருட்டாகுது. முதல்ல எது வரணும் சார்?"

தமிழ்வாணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டுங்கெட்டான் ஊரா இருக்கே" என்றார். பிறகு தனக்குக் கீழே வேலை பார்க்கும் இன்ஜினீயரிடம், "பழைய கணக்குல மிச்சம் எவ்வளவு இருக்கோ, அது போற வரைக்கும் ரோடு போடுங்க. டிரான்ஸ்பார்மருக்கு நான் எழுதறேன். இனிமே தாண்டுறதை மட்டும் எண்ணாதீங்க, நம்பரையும் எழுதுங்க" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையால், எண்ணும் வேலையில் இருந்த அத்தனை பேரும் வெயிலில் நம்பர் பிளேட்டைப் படித்து எழுத வேண்டியதாயிற்று. ஒரு மாதம் ஆபீஸில் ஒருவரும் ஜாஹ்னவியோடு சாப்பிட உட்காரவில்லை.

டிரான்ஸ்பார்மர் தையில் வந்தது. மாசியில் ரோடு வந்தது. ஒரகடத்துப் பக்கமிருந்து ஜம்மென்று கிளம்பி, ஒன்றரை கிலோமீட்டர் வந்து, இன்னும் கொஞ்சம் நீண்டு, பிறகு ஒரு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டது. நாவலஞ்சேரி முக்குக்கு அங்கிருந்து இன்னும் இரண்டு கிலோமீட்டர். நயினார் தினமும் காலையில் அந்த மரம் வரை நடந்துபோய், ரோடு ராத்திரியில் கொஞ்சம் வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதைப் போலப் பார்த்துவிட்டு வந்தார். இருந்தாலும் பூர்ணிமாவின் சித்தி பெண் ஆட்டோவுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாஹ்னவி அம்மாவை வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குக் கூட்டிப் போனாள். ஒரகடத்தில் பூர்ணிமாவே ஆட்டோவோடு வந்து நின்றாள்.

"குறுக்கால போலாம் மேடம். நீயும் ரோட்டைப் பாக்கலியே."

புது ரோட்டில் ஆட்டோ சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. காற்று முகத்தில் அடித்தது. அம்ருதவல்லி பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்துவிட்டாள். ஜாஹ்னவி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை. திடீரென்று ஆட்டோ அரையடி கீழே இறங்கி, ஒரு குலுக்குக் குலுக்கியது.

அம்ருதவல்லி திடுக்கிட்டு விழித்தாள். "கோவில் வந்துடுத்தா? இறங்கணுமா?"

"நீங்க எறங்க வேணாம்மா" என்றாள் பூர்ணிமா, கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு. "ரோடுதான் எறங்கிட்டுது."