நிற்காத நுரை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறை வாசலில் இருந்தவர்கள் நான்கு பேர்: கடிகாரக்காரர், அவர் மனைவி, அவர்களுடைய மகள், மனைவியின் தம்பியான பெயிண்டர். எதிர்க்கடை சலூன்காரர் அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் அவர்தான் அதிகம் பேசுகிறார்.

கடிகாரக்காரர் தனியாக இருக்கத்தான் விரும்பினார். மூன்று வாரமாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் சவரம் செய்தார். அதற்கு முன் இருபது வருடம் டப்பாவை அழுத்தினால் பொங்கி வருகிற நுரையைத்தான் பூசிக்கொண்டிருந்தார். கழுத்தில் தடிப்பு வந்தது. தோல் டாக்டர், "அதை விட்டுட்டு சாதா சோப்பும் பிரஷும் வாங்குங்க" என்றார். சோப்பு கடையில் கிடைத்தது. பிரஷ் வாங்கத் தேவையில்லை, அப்பாவுடைய பிரஷ் வீட்டிலேயே இருக்கிறது, மரக்கைப்பிடி போட்டது, அசல் முடி. மனைவியிடம் கேட்டார். கொஞ்சம் தாமதமானாலும் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

அன்று தொடங்கியது வெட்டு. முதல் நாள் தாடையில் ஒன்று, மறுநாள் மூக்குக்குக் கீழே இரண்டு. நுரை சோடா மாதிரி சீறிக்கொண்டு வரும். கன்னத்துக்குப் போவதற்குள் அடங்கிவிடும். ரேசர் வெறும் தோலில் ஓடும். ஆனால் அவர் நுரையைச் சந்தேகப்படவில்லை. கையைச் சந்தேகப்பட்டார்.

காரணம் இருந்தது. அவர் அப்பாவும் கடிகாரக்காரர். அறுபத்திரண்டு வயதில் அவருக்குக் கை ஆடத் தொடங்கியபோது, அது முதலில் தெரிந்தது கடை மேசையில் அல்ல, முகத்தில். நாளுக்கு ஒரு வெட்டு. ஆறு மாதத்தில் இடுக்கியைக் கீழே வைத்தவர் மறுபடி எடுக்கவே இல்லை. மகனுக்கு இப்போது அறுபத்தொன்று.

கடை இழுப்பறையில் ஒரு பெண்கள் கைக்கடிகாரம் பத்து நாளாகக் கிடந்தது. தலைமுடியைவிட மெல்லிய சுருளை நிமிர்த்த வேண்டும்; பலமாக மூச்சு விட்டாலே பறந்துவிடுகிற வேலை. கேட்டு வந்த அம்மாளிடம், "ஸ்பேர் வரலைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தக் குடும்பத்தில் தொழிலில் பொய் சொல்லும் வழக்கம் கிடையாது. அது அவரை உறுத்தியது. இடுக்கியைத் தொடப் பயந்தது அதைவிட அதிகமாக உறுத்தியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறைக் கதவைத் தட்டியவர் பெயிண்டர்.

"மாமா, உள்ள என்ன புதையலா தோண்டுறீங்க? ஈரச் சுவரைப் பார்க்கணும்னு அக்கா வரச் சொல்லிட்டு, கதவைச் சாத்தி வச்சா எப்படி?"

வேறு வழியில்லாமல் திறந்தார். பாதி முகம் சோப்பு. தாடையிலிருந்து ரத்தம் பனியனில் சொட்டியிருந்தது.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, உங்க புண்ணியத்துல எங்க கடையில பிளாஸ்திரியே தீர்ந்துபோச்சு."

எதற்கும் ஒரு வார்த்தை கைவசம் வைத்திருக்கும் மனைவி அவர் கையையே பார்த்தாள். இவளுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தார் கடிகாரக்காரர். கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

பெயிண்டர் சுவரை மறந்துவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்ன மாமா? நுரையா, இல்ல பாத்திரம் கழுவின தண்ணியா?"

"சோப்பு சரியில்ல, மச்சான்."

"சோப்பு பாவம். பிரஷைக் கொடுங்க."

அதைக் குழாயில் காட்டினார். தண்ணீர் முடிக்குள் இறங்காமல் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. அடிப்பக்கத்தை விரலால் பிரித்து, கட்டைவிரலில் தேய்த்து, மூக்கில் வைத்தார்.

"முப்பது வருஷமா பிரஷ் பிடிக்கிறேன். இது எண்ணெய் குடிச்ச பிரஷ். மெஷின் எண்ணெய்! உங்களுக்கு இந்த வாடையே தெரியலையா?"

கடிகாரக்காரர் முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? நாற்பது வருடமாகக் கடிகாரத்துக்கு எண்ணெய் விட்டு, அவர் விரல், சட்டை, தலையணை எல்லாம் அதே வாடைதான். மீனுக்குத் தண்ணீர் மணக்குமா?

மூன்று பேரும் ஒரே நேரத்தில் நான்காவது ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பார்க்குறீங்க?" என்றாள் மனைவி. பிறகு, "தையல் மெஷினுக்கு வச்சிருந்தேன். எண்ணெய் விட்டு, நூல் பிசிறெல்லாம் துடைக்க நல்லா வளைஞ்சு கொடுக்கும்."

"எவ்வளவு நாளா?"

"உங்க அப்பா போனதுலேர்ந்து."

"பதினாலு வருஷம்!" என்றாள் மகள்.

"நீங்க திடீர்னு கேட்டீங்க. கழுவித்தான் கொடுத்தேன்."

"எதுலக்கா கழுவின?"

"தண்ணியிலதான்."

பெயிண்டர் தலையில் அடித்துக்கொண்டார். "எண்ணெய் இருந்தா நுரை எங்க நிக்கும்? நுரை இல்லாம ரேசர் வச்சா யாருக்குத்தான் வெட்டாது?"

கடிகாரக்காரர் கேட்க நினைத்தது வேறு. அதை மனைவிதான் கேட்டாள்:

"அப்போ காரணம் கை இல்லையே?"

"கைக்கு என்ன?" என்றார் பெயிண்டர்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். "தாத்தா மாதிரின்னு நினைச்சீங்களாப்பா?"

"நான் ஒண்ணும் நினைக்கல," என்றார் அவர், முதுகை நிமிர்த்திக்கொண்டு. "பிரஷைக் கழுவுங்க."

பாத்திரம் கழுவும் திரவத்தில் மூன்று முறை, வெந்நீரில் மூன்று முறை. கடைசியில் தண்ணீர் உருளாமல் முடிக்குள் இறங்கியது. பெயிண்டர் ஒரு கிண்ணம் நுரை அடித்துக் காட்டி, உடனே வாஷ்பேசினில் கொட்டினார்.

"அடப்பாவி, ஏன் கொட்டின?" என்றார் கடிகாரக்காரர்.

"அது பார்க்கிறதுக்கு. பூசுறதுக்கு நீங்களே அடிங்க. நாளைக்கு நான் வரமாட்டேன்ல?"

கடிகாரக்காரர் பிரஷை ஒருமுறை உதறி, சோப்பின் மேல் முப்பது சுற்று சுற்றினார். கிண்ணத்தில் வைத்ததும் பழக்கதோஷத்தில் குழாயைத் திறக்கப் போனார்.

"ஊத்தாதீங்க மாமா. தண்ணியைக் காட்டுங்க, போதும். நுனி மட்டும் நனையணும்."

நுனியை நனைத்தார். சுற்றினார். முதலில் பசை போல் பிடித்து இழுத்தது. இன்னும் இரண்டு சொட்டு. பெரிய பெரிய குமிழிகள் வந்து விழித்துப் பார்த்தன. அவசரப்படாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறபோது, இதற்கு மேல் ஒரு சுற்று கூடாது என்று விரலுக்கே தெரியும். அந்த விரல்தான் இங்கும் சொன்னது. குமிழி மறைந்து, நுரை இறுகி, மேலே ஒரு மினுமினுப்பு வந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்தார். விழவில்லை.

"பார்றா!" என்றார் பெயிண்டர்.

முகத்தில் பூசினார். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவரே ரேசரை எடுத்தார். கன்னம். தாடையில் பழைய வெட்டுகளை ஒதுக்கி வளைத்துக்கொண்டு போனார். மூக்குக்குக் கீழே. கழுத்தில் வந்தபோது மனைவி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ரேசர் வெண்ணெயில் போவதுபோல் போனது. கண்ணாடியில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது கையைத்தான், முகத்தை அல்ல. கை ஆடவில்லை.

முகத்தைக் கழுவிவிட்டுப் படிகாரத்தைத் தேய்த்தார். புதிதாக எங்கும் எரியவில்லை.

"இன்னொரு தடவை தேய்ங்க," என்றாள் மனைவி.

தேய்த்தார். எரியவில்லை. மனைவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சனியன் பிடிச்ச பிரஷ்," என்றாள். "மூணு வாரமா எனக்கு ஒரு வாய் சோறு இறங்கல. கேட்டா நீங்க உடைஞ்சுபோயிடுவீங்கன்னு பயம்."

"நான் ஏன் உடையணும்?" என்றார் அவர். ஆனால் குரல் மென்மையாகத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். ஷட்டரைப் பாதி தூக்கி, விளக்கைப் போட்டு, கண் லென்ஸை மாட்டி, அந்தக் கைக்கடிகாரத்தைத் திறந்தார். சுருள் முதல் முறையிலேயே இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தது. காதில் வைத்தார். ஓடியது. கொஞ்ச நேரம் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"ஸ்பேர் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு," என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

கடிகாரக்காரருக்குக் கை போய்விட்டது, மச்சான்தான் வந்து சவரம் செய்துவிட்டுப் போனார் என்று சலூனில் ஒரு பேச்சு நடக்கிறது. தவறு. மச்சான் அடித்தது முதல் கிண்ண நுரை. அது வாஷ்பேசினில் போனது. இரண்டாவதை அடித்தவர் கடிகாரக்காரர். ரேசரும் அவர் கையில்தான் இருந்தது.