கருவிழியில் விழுந்த பூ

தச்சரின் வலது கண்ணில் மரச்சிலாம்பு தெறித்தபோது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டை நுனியால் துடைத்துவிட்டு, இழைத்துக்கொண்டிருந்த அலமாரிக் கதவை இழைத்து முடித்தார். கண் சிவந்ததும், எப்போதோ கண்வலிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த சொட்டு மருந்தைத் தேடி எடுத்து விட்டுக்கொண்டார். சிவப்பு தணிந்தது, உறுத்தலும் அடங்கியது. அத்தோடு தொல்லை விட்டது என்று நினைத்தார். பிறகு ஒரு காலை வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியாமல் தண்ணீராகக் கொட்டியது. பட்டறையில் பாலிஷ் போடுகிறவர் இமையை விலக்கிப் பார்த்து, கருவிழியில் பூ விழுந்த மாதிரி வெள்ளையாக இருக்கிறதே என்று பதறி, கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

கண் மருத்துவர் அம்மா அளந்து பேசுகிறவர். கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு வைத்து நீல வெளிச்சத்தில் பார்த்தார். புண் மட்டும் பச்சையாகத் துலங்கியது; அதன் விளிம்பு இறகுபோல் பிசிறடித்திருந்தது. கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணிலிருந்து துளி சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பூஞ்சை. மரத்தோடு உள்ளே போனது. தச்சரின் சட்டைப்பையில் இருந்த பழைய மருந்தை வாங்கிப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. அது ஸ்டீராய்டு. வலியை அமுக்கிவிட்டுப் பூஞ்சையை நன்றாக வளரவிட்டிருந்தது.

இனி பால் போன்ற ஒரு மருந்தைக் குலுக்கிக் குலுக்கி மணிக்கொரு தரம் விடவேண்டும், தவறினால் கருவிழியில் ஓட்டை விழும் என்றார். தச்சருக்கு இடது கண் பிறந்ததிலிருந்தே மங்கல்.

"வீட்டுல மருந்து விட யாரு இருக்காங்க?"

தச்சர் ஒரு போன் நம்பரை மனப்பாடமாகச் சொன்னார்.

அது அவர் மனைவியின் நம்பர். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. குடியா, அடியா என்று ஊர் கேட்டது, ஒன்றும் இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாள் முழுக்க ஒரு வார்த்தை கிடைக்காமல் அவள் அலுத்துப்போனாள். "மரத்தோட பேசுறதுல பாதி எங்கிட்டப் பேசியிருந்தா நான் ஏன் போறேன்?" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆனாலும் வந்தாள். வேன் குழந்தைகளை இறக்கிவிட்டு வந்து ஜன்னல்களுக்குத் திரை போட்டாள். வேன் வேலை நேரத்துக்கு மட்டும் பாலிஷ்காரரை உட்கார வைத்தாள். மற்ற நேரமெல்லாம் அவளே குலுக்கி, கீழிமையை இழுத்து, ஒரு சொட்டு விட்டாள். அவ்வளவு காலம் பார்க்க ஏங்கிய முகம் ஒரு சாண் தூரத்தில் குனிந்திருந்தது. தச்சருக்கோ பனிக்குள் ஒரு நிழல்தான் தெரிந்தது. அவள் மூச்சு கன்னத்தில் பட்டது. கையை நீட்டித் தடவிப் பார்க்க ஆசை. அந்த உரிமை இன்னும் இருக்கிறதா என்று தெரியாததால் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

பார்க்க முடியாததால் பேச ஆரம்பித்தார். வழியில் யார் எதிரே வந்தார்கள், வேனில் எந்தப் பிள்ளை அழுதது என்று கேட்டார். முதலில் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னவள், ஒரு சுட்டிப் பிள்ளை ஷூவை ஜன்னல் வழியே எறிந்த கதையைச் சொல்லிச் சிரித்தாள். தச்சர் அந்தக் கதையை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

வலி முதலில் விட்டது. பிறகு விளிம்பின் பிசிறு மழுங்கியது. ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் பச்சை சுருங்கிக்கொண்டே வந்தது. மருத்துவர் முகம் தெளிந்தது; வலி இல்லை என்று தச்சரும் அவரிடம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், இன்னும் குத்துகிறது என்று பொய் சொன்னார். அவள் மருந்துப் புட்டியைக் கீழே வைத்தாள்.

"வலி இல்லைன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்க. நானும் பக்கத்துலதானே இருந்தேன்."

"சரியாயிட்டா நீ போயிடுவியே."

"போவேன்தான்."

"இருந்துடேன்."

அவள் புட்டியின் மூடியைத் திருகினாள். "கண்ணு தெரியாதப்போ பேசுறீங்க. தெரியும்போதும் பேசுவீங்களான்னு நான் பாக்கணும்."

சாயம் பிடிக்காத அளவுக்குப் புண் ஆறியதும் அவள் அக்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். கருவிழி நடுவில் வெள்ளைத் தழும்பு தங்கிவிட்டது. பின்னால் கருவிழி மாற்றிவைக்கலாம், யாராவது இறந்தபின் தானமாகத் தரும் கண்ணுக்காகக் காத்திருக்கவேண்டும் என்றார் மருத்துவர். தச்சர் காப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, தடவிப் பார்த்துச் செய்யக்கூடிய வேலைகளை எடுத்துக்கொண்டார். சாயங்காலம் தவறாமல் போன் செய்தார். சொல்ல ஒன்றும் இல்லாத நாளில், இன்றைக்கு ஒன்றும் இல்லை என்பதையாவது சொன்னார்.

ஒரு விடுமுறை நாளில் அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். நேராகப் பார்த்தால் தழும்பு மறைத்தது. தச்சர் தலையைச் சாய்த்து, ஓரத்துத் தெளிவில் அவள் முகத்தைத் தேடினார்.

"கண்ணாடி போட்டிருக்கியா?"

"ஒரு வருஷமாச்சு."

காதோரம் நரைத்திருந்தது. அதையும் பார்த்தார், சொல்லவில்லை. அவர் கழுத்தை வளைத்துத் தவிப்பதைக் கவனித்தவள், நாற்காலியைத் தூக்கி அவருக்குத் தெரிகிற பக்கமாகப் போட்டுக்கொண்டாள். அன்றும் இருட்டுவதற்குள் கிளம்பினாள். வேன் திருப்பத்தில் மறைந்த பிறகும் தச்சர் தலையைச் சாய்த்தபடியே வாசலில் நின்றார்.