கட்டிப்போட்ட மேடு

ராஜகிரி மலைக்கு மேற்கே, காலையில் கோட்டை நிழல் விழுகிற இடத்தில் இருந்த மேட்டை, மீனம்பாள் குடும்பம் தினமும் பொழுது சாய்ந்ததும் கயிறு போட்டுப் பாறையில் கட்டிவிட்டு வரும். கட்டாவிட்டால் போய்விடும். முக்கால் ஏக்கர் இருக்கும், கல்லும் காரைமுள்ளும் ஆவாரையும்தான். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அந்தப் பெயருக்கு உரியவர் பக்கம் நகர்ந்துவிடுகிற குணம் அதற்கு. செஞ்சிக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சில மாடு கூப்பிட்ட குரலுக்கு வரும், சில நிலமும் வரும், அவ்வளவுதான்.

கோட்டையைப் பிடித்த ஒவ்வொருவர் காலத்திலும் மேட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. மேற்கேயிருந்து வந்த குதிரைப்படை அங்கே கூடாரம் அடித்தபோது ஊர் அதைச் சோனகன் திடல் என்றது. வந்தவர்களில் ஒருவர்கூடத் தன்னைச் சோனகன் என்று சொல்லிக்கொண்டதில்லை. ஒருவன் பட்டாணியன், ஒருவன் கடல் தாண்டி வந்த கறுப்பன், ஒருவன் பக்கத்து ஜில்லாவிலேயே பிறந்தவன். ஊருக்கு அதெல்லாம் எதற்கு, தொழுகிறவன் எல்லாரும் சோனகன்தான். திடலும் பேசாமல் நகர்ந்து போய்ப் பள்ளிவாசல் சுவரோரம் ஒரு தலைமுறை கிடந்தது, படை கலைந்ததும் திரும்பி வந்தது. பிறகு ஒரு வெள்ளைக்காரன் அதன்மேல் ஏறி நின்று, தன் ஊரிலும் இப்படி ஒன்று உண்டு, காற்றையும் ஆட்டையும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது என்று ஏக்கமாகச் சொல்லிவிட்டு, தரிசு என்று எழுதிப் போனான். அன்றோடு மேட்டில் புல் முளைப்பது நின்றது. வீம்புதான், வேறென்ன. தரிசை யார் கூப்பிடப் போகிறார்கள்? அப்படி நாதியற்றுக் கிடந்ததைத்தான் வெகுகாலம் கழித்துக் காலனிக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். நல்ல நிலத்தையா கொடுப்பார்கள்? அந்தச் சனத்துக்கும் ஊர் வைத்த பெயர்கள் உண்டு, அவற்றை இங்கே எழுதி நாக்கைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேடு மீனம்பாளின் புருஷன் தங்கராசுவுக்கு வந்தது. அவன் கல் பொறுக்கினான், முள் வெட்டினான். பெயர் வைக்கத் தோன்றவில்லை, நம்பளுது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். மேடு கொஞ்ச நாள் யோசித்துவிட்டு அதற்குத் தலையாட்ட ஆரம்பித்தது. முதலில் புல் வந்தது, பிறகு கேழ்வரகு. பழைய பெயர் தெரிந்தவன் எவனாவது கூப்பிட்டுத் தொலைப்பானோ என்றுதான் கயிறு. தங்கராசு ஒரு மழைக்காலத்தில் செத்தான். சுடுகாட்டுக்கு ஊர்த்தெரு வழியாகப் பாடை வரக்கூடாது என்று தகராறு; வரப்பிலோ முழங்கால் சேறு. சீ, போங்கடா என்று மேட்டிலேயே புதைத்தார்கள். அதற்குப் பிறகு மீனம்பாளுக்கு ஆசை என்று ஒன்றுதான் இருந்தது. அவன் பக்கத்தில் ஒரு அறை கட்டிக்கொண்டு அங்கேயே இருந்து, அங்கேயே போய்ச் சேர வேண்டும்.

போன வருடம் புது ரோடு வருகிறது என்று அளக்க வந்தார்கள். மேலே ட்ரோன் பறந்தது. வெளி ஆள் வருகிறார்களே என்று பகலிலும் கட்டிப்போட்டிருந்த நிலம் இழுத்துக்கொண்டு ஆடியதால் அளவு சரியாக விழவில்லை, கயிற்றை அவிழ்க்கச் சொன்னார் சர்வேயர். மீனம்பாள் அவிழ்த்தாள். பக்கத்து மல்லாட்டைக் கொல்லைக்காரர் ராஜாங்கம், வேர்க்கடலைதான் இந்தப் பக்கம் மல்லாட்டை, குடை பிடித்துக்கொண்டு வந்து எதிரே நின்றார். மீனம்பாள் பாவாடை கட்டிய காலத்திலிருந்து அவர் கொல்லையில் களை எடுத்தவள். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது, தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பவர். அதுதான் சனியன். அவரைக் கண்டதும் அவள் கால்கள் தாமாகச் செருப்பைக் கழற்றின, தன் சொந்த நிலத்தில்.

"இந்த எடத்துக்கு இன்னா பேரும்மா?" என்றார் சர்வேயர்.

ராஜாங்கம் வாயே திறக்கவில்லை. அவர் எதிரில் அவள் எதைக் காட்டிப் பேசினாலும், வண்டியோ கிணறோ கன்றுக்குட்டியோ, ஐயாவூட்டது என்றுதான் சொல்லிப் பழக்கம். பழக்கம் முந்திக்கொண்டது.

"ஐயாவூட்டு மேடுங்க."

மேடு எழுந்தது. சத்தம் இல்லை, புழுதி இல்லை. ஆவாரையும் கேழ்வரகும் தங்கராசுவும் மேலேயே இருக்க, வரப்பைத் தாண்டிப் போய் மல்லாட்டைக் கொல்லையை ஒட்டிப் படுத்துக்கொண்டது. சர்வேயர் அது படுத்த இடத்தில் வைத்து அளந்து கல் நட்டார். தான் கூப்பிடவேயில்லை, அதுவாக வந்தது என்றார் ராஜாங்கம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சென்னையில் கம்பெனி வேலையில் இருந்த மகள் பாரதி அடுத்த பஸ்ஸிலேயே வந்து நின்றாள்.

"ஏம்மா, நம்பளுதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு உனுக்கு இன்னா வந்துச்சு?"

"எதிர்ல அவரு நின்னுகினு இருந்தாருடி" என்றாள் மீனம்பாள்.

பாரதி மனு கொடுத்துப் பார்த்தாள். நிலம் தன் காலால் போயிருக்கிறது, யாரும் தூக்கிப் போகவில்லையே என்றார்கள். கொல்லையோரம் போய் நின்று, நம்பளுது, வா என்று அவளே கத்தினாள். மேடு ஒரு நடுக்கம் நடுங்கியது. ஆனால் நம்பளுது என்றால் யாருடையது என்று குரலை வைத்துத்தானே தெரியும், சென்னையில் பழகிய அந்தக் குரல் அதற்குப் பிடிபடவில்லை.

ரோடு இன்னும் வந்தபாடில்லை, இப்போது மேட்டிலும் மல்லாட்டைதான். மீனம்பாள் கூலிக்குக் களை எடுக்கப் போகிறாள். தங்கராசு இருக்கிற இடம் வந்தால் களைக்கொட்டை மெதுவாகப் போடுவாள், அங்கே செடி கொஞ்சம் அதிகமாகவே காய்க்கிறது. ராஜாங்கம் வரப்பில் உட்கார்ந்திருப்பார். அவள் குனிந்தபடி நம்பளுது என்கிற அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்து மெல்லுவாள். சத்தமாகச் சொன்னால் மேடு முழுசாக வந்துவிடும், அது அவளுக்குத் தெரியும். சத்தம்தான் வரமாட்டேன் என்கிறது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டும் பார்த்தாள், அங்கேயும் வரவில்லை.

வாய்க்குள் சொன்ன அளவுக்கு மறுநாள் காலையில் மேடு வரப்போடு ஒரு சாண் காலனிப் பக்கம் நகர்ந்திருக்கும். ராஜாங்கம் யாரையும் சந்தேகப்பட்டதில்லை, இந்த மண்ணின் குணம் அப்படி என்பார். வரப்பைத் திருப்பிப் போட ஆள் கூப்பிடுவார். மீனம்பாள்தான் வருவாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு இறங்கி, மண்வெட்டியால் வெட்டி வெட்டி, அந்த ஒரு சாணை அவள் கையாலேயே ஐயாவூட்டுப் பக்கம் திருப்பிச் சேர்த்துவிட்டுப் போவாள்.