நடுத்தட்டின் சூடு

“உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“இன்னான்னு தெரியும். இப்ப கேக்காத.”

“அப்போ எப்ப கேக்கறது?”

“என் வேலை முடிஞ்சதும் கேளு.”

“எவ்ளோ நாள் ஆகும்?”

“ஜாஸ்தி போனா ஆறு மாசம்.”

மேல்பட்டி ஸ்டேஷனை விட்டு வண்டி வேகமெடுத்த நேரத்தில் எழிலரசிக்கும் ஜீவாவுக்கும் நடந்த பேச்சு இது. நடந்து இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. ஜீவா அதன் பிறகு கேட்கவே இல்லை. கேட்காதே என்று சொன்னவள் அவள்தான். ஆனாலும் ஒரு ஆம்பளை இவ்வளவு சொன்ன பேச்சு கேட்க வேண்டுமா என்று சில காலைகளில் அவளுக்கு எரிச்சலாகக்கூட வந்தது.

ஆம்பூரில் இருவரும் ஒரே தெரு. காலை வண்டியில் ஒரே பெட்டி. அவள் காட்பாடியில் இறங்கி பஸ் பிடித்து வேலூரில் உள்ள ஆய்வுக்கூடத்துக்குப் போவாள். அவன் வாலாஜா ரோடு வரை போவான்; ராணிப்பேட்டை ஷூ கம்பெனி ஒன்றில் சோல் ஒட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர்.

அவளுடைய ஆராய்ச்சியும் ஒட்டுவதைப் பற்றியதுதான். சளி, காய்ச்சல் கொண்டுவரும் வைரஸ் உடம்புக்குள் நுழைய வேண்டுமானால் முதலில் ஏதாவது ஒரு செல்லின் மேல் ஒட்ட வேண்டும். கொரோனா வைரஸின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முள் போன்ற புரதத்தை மட்டும் தனியாக எடுத்து, மனித செல்களின் மேல் விட்டு, எந்தச் சூட்டில் எவ்வளவு கெட்டியாக ஒட்டுகிறது என்று அவள் அளந்தாள். நுரையீரல் முப்பத்தேழு டிகிரியில் வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்காற்று நேரே வந்து மோதுகிற மூக்கு அதைவிடச் சில டிகிரி குறைவு. குளிரக் குளிர அந்தப் பிடி இறுகுகிறது என்று வெளிநாட்டில் சிலர் எழுதியிருந்தார்கள். இவள் கையில் மட்டும் அது சில சோதனைத் தட்டுகளில் இறுகியது, சிலவற்றில் நழுவியது.

அதனால் ஜீவா தினமும் காலையில் வணக்கம் வைப்பதற்குப் பதில் கேட்பது ஒரே கேள்வி. “ஒட்டிச்சா?”

“இல்ல” என்பாள். அவன் சலிக்காமல் ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டு நகர்ந்து உட்காருவான்.

அந்த மார்கழிச் செவ்வாய்க்கிழமை அவன் மூக்கையும் வாயையும் மஃப்ளரால் சுற்றிக்கொண்டு வந்தான். பலத்த ஜலதோஷம். ஆனால் ‘ஒட்டிச்சா’ மட்டும் மஃப்ளருக்குள்ளிருந்து தவறாமல் வந்தது. எதிர் சீட்டில் குடியாத்தத்துக்குப் போகும் நசீமுன்னிசா அக்கா சிரித்துவிட்டார்.

“இன்னா தம்பி, அவளுக்கு ஒட்டல. உனக்கு நல்லா ஒட்டிக்கிச்சு போல.”

எழிலரசியால் சிரிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு ஒரே மாதிரி வராவிட்டால் இந்தப் பகுதியையே விட்டுவிட்டு வேறு தொடங்கலாம் என்று அவளுடைய வழிகாட்டி கோதண்டராமன் சார் சொல்லிவிட்டார். வேறு தொடங்கினால் இன்னும் ஒரு வருஷம். வீட்டில் அம்மா மோகனா, பொங்கல் வரைக்கும்தான் பொறுப்பேன் என்று கெடு வைத்திருந்தாள். திருப்பத்தூர் மாப்பிள்ளையின் போட்டோ சாமி படத்துக்குக் கீழே ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டது. ஜீவாவைப் பற்றி அம்மாவிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் தன் அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கிய மாதமே அவள் எம்.எஸ்சி. படிப்பு நின்றதை எழிலரசி பார்த்திருக்கிறாள். வேலை முடிந்த பிறகுதான் அந்தப் பேச்சு என்று அன்றே மனதுக்குள் பூட்டுப் போட்டுக்கொண்டாள்.

இதில் பாதியைத்தான் அவனிடம் சொன்னாள். மாப்பிள்ளை போட்டோவைச் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் செய்வதை அவன் வரிசையாகக் கேட்டான். உள்ளங்கை அகலத் தட்டுகள், அவற்றில் சின்னச் சின்னக் குழிகள், குழிகளில் செல்கள். வெதுவெதுப்பான பெட்டியிலிருந்து எடுத்து, வித்தியாசம் பளிச்சென்று தெரிவதற்காகப் பத்து டிகிரி குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். பெட்டி சின்னது, பங்கு போடுபவர்கள் அதிகம். அதனால் ஆறு தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு மூலையில் வைப்பாள்.

ஜீவா மஃப்ளரை இறக்கினான்.

“அடுக்கியா வெக்கற?”

“எல்லாரும் அப்டித்தான் வெப்பாங்க. ஏன்?”

அவன் சொன்னது இது. போன வருஷம் அவன் கம்பெனியில் ஷூக்கள் வாய் பிளந்துகொண்டு திரும்பி வந்தன. சோலில் தடவிய சொல்யூஷன் பசை சரியான சூட்டுக்கு வந்தால்தான் பிடிக்கும். மெஷினின் பெட்டியில் எழுபது டிகிரி என்றுதான் எரிந்துகொண்டிருந்தது. உற்பத்தியைக் கூட்ட நெருக்கி அடுக்கியதில், நடுவில் மாட்டிய சோல் மட்டும் ஐம்பதைத் தாண்டவில்லை. ஒரு வாரம் திட்டு வாங்கிய பிறகுதான் அதைக் கண்டுபிடித்தான்.

“பொட்டி காட்டறது பொட்டியோட சூடு எழில். உள்ள இருக்கறதோட சூடு இல்ல. உன் நடுத்தட்டுக்குக் குளிருதா இல்லையான்னு எப்பனா தொட்டுப் பாத்தியா?”

காட்பாடியில் இறங்கும்போது அவள் பையை மறந்துவிட்டு இறங்கினாள். அவன் ஜன்னல் வழியாக நீட்டினான்.

ஆய்வுக்கூடத்தில் முதல் வேலையாகப் பழைய நோட்டைப் பிரித்தாள். நல்லவேளையாகத் தட்டுகளுக்கு மேலிருந்து கீழாக எண் போடும் பழக்கம் அவளுக்கு இருந்தது. ஒன்றும் ஆறும் ஒவ்வொரு முறையும் இறுகப் பிடித்திருந்தன. மூன்றும் நான்கும் ஒவ்வொரு முறையும் காலை வாரியிருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தே இத்தனை மாதம் குழம்பியிருக்கிறாள். டெக்னீஷியன் ஆரோக்கியமேரி அக்கா மெல்லிய கம்பி வைத்த தெர்மாமீட்டரைத் தேடிக் கொண்டுவந்தார். வெறும் தண்ணீர் ஊற்றிய ஆறு தட்டுகளை அடுக்கி வைத்து, அரை மணி கழித்து நடுவில் அளந்தார்கள். பத்து டிகிரி பெட்டிக்குள் நடுத்தட்டு இருபதுக்கு மேல் சுகமாக உட்கார்ந்திருந்தது.

“நம்ம எல்லாரும் குளிருல நடுங்கறோம், இது மட்டும் போர்வை போத்திக்கினு தூங்குது பாரு” என்றார் ஆரோக்கியமேரி அக்கா. அடுத்த மூன்று நாளைக்குக் குளிர்பெட்டி மொத்தமும் எழிலரசிக்கே என்று கெஞ்சியும் மிரட்டியும் மற்றவர்களிடம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

தட்டுகளைக் குளிர்பெட்டிக்குள், தரையில் வடாம் காயவைப்பதுபோல் இடைவெளி விட்டுப் பரப்பி வைத்தாள். புதன், வியாழன், வெள்ளி. மூன்று நாளும் குளிரில் பிடி இறுகியது, சூட்டில் தளர்ந்தது. ஆறு தட்டும் ஒரே பேச்சு. கோதண்டராமன் சார் கோட்டுப்படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, இனி எழுத உட்காரலாம் என்றார். அடுக்கி வைத்த தவறையும் அதில் ஒரு பத்தியாக எழுதச் சொன்னார்.

சனிக்கிழமை காலை. ஜீவாவின் ஜலதோஷம் இன்னும் போகவில்லை.

“ஒட்டிச்சா?”

“ஒட்டிச்சு.”

இரண்டு வருஷத்தில் கேட்டறியாத பதில். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து நசீமுன்னிசா அக்கா தன் டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு பேரீச்சம்பழம் கொடுத்தார். ஜீவா அதைச் சாப்பிட்டான். கொட்டையை ஜன்னலுக்கு வெளியே போட்டான். பிறகு வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தான். பச்சகுப்பம் போயிற்று. மேல்பட்டியும் வந்து போயிற்று.

“வேற ஒண்ணும் கேக்க மாட்டியா?” என்றாள்.

“வேலை முடிஞ்சதும்னு சொன்ன. இன்னும் எழுதணுமே. எட்டு மாசம் ஆகும்னு நீதான சொன்ன?”

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று பார்த்தால், நிஜமாகவே சொன்னான். எழிலரசிக்குச் சிரிப்பு வந்தது. மேலே ஆராய்ச்சி, கீழே அக்காவின் கதை, நடுவில் தன் மனசு என்று அடுக்கிவிட்டு, வெளியே தெரிந்த குளிரையே தன் குளிர் என்று அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். இவன்தான் உள்ளே தொட்டுப் பார்க்கத் தெரிந்தவன். அவள் விஷயத்தில் மட்டும், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, கையைக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறான்.

“நான் தப்பா சொல்லிட்டேன் ஜீவா. வேலை முடியறதுக்குக் காத்திருந்தா, வீட்ல திருப்பத்தூர் மாப்பிள்ளை வந்து உக்காந்துடுவான். இப்பவே கேளு.”

எதிர் சீட்டில் நசீமுன்னிசா அக்கா டப்பாவை மூடாமல் அப்படியே கையில் வைத்திருந்தார். ஜீவா மஃப்ளரை முழுசாக அவிழ்த்தான். ஒரு தும்மல் போட்டான். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

“நீ எவ்ளோ வேணா படி, எவ்ளோ வருஷம் வேணா படி. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அப்பா அம்மாவைக் கூட்டிக்கினு உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வரட்டா?”