ஏழாம் நம்பர் மட்டை

வளைந்த எதையும் பார்த்துவிட்டு மெக்கானிக்கால் சும்மா இருக்க முடியாது. முப்பது வருஷமாக லாரிக்கு அடியில் படுத்து எழுந்தவருக்கு அது ஒரு வியாதி. புதன்கிழமை மகள் ஒரு கோல்ஃப் மட்டையைக் கொண்டுவந்து கொடுத்தபோது, அதன் இரும்புத் தலை பின்பக்கம் சாய்ந்திருந்ததுதான் முதலில் அவர் கண்ணில் பட்டது. எவனோ போட்டு மிதித்திருக்கிறான் என்று அனுதாபப்பட்டு, பட்டறையில் வைஸ் இடுக்கியில் இறுக்கி, நெருப்பு காட்டி, சுத்தியலால் நாலு தட்டு தட்டிச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்தார். இரவல் பொருளைச் சரிசெய்து திருப்பித் தருவதுதானே மரியாதை என்று தன்னையே மெச்சிக்கொண்டார் வேறு.

ஞாயிறு காலை பயிற்சித் திடலில் கால் வைத்ததும்தான் விஷயம் புரிந்தது. வரிசையாகப் பச்சைப் பாய்கள். பாய்க்கு ஒருவர், ஆளுக்கு ஒரு மட்டை. அத்தனை இரும்புத் தலையும் பின்னால் சாய்ந்துதான் இருந்தன. அந்தச் சாய்வில் ஏறித்தான் பந்து வானத்துக்குப் போகிறது. மெக்கானிக் கையிலிருந்த பையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவர் நிமிர்த்திய மட்டை துண்டு சுற்றிப் பைக்குள் கிடந்தது.

மட்டை யாருடையது என்பதுதான் வம்பே. அவர் மகளுக்கு இருபத்தாறு வயது, வீட்டில் இன்னும் பாப்பாதான். அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையனின் அப்பா பெரிய எலும்பு டாக்டர். “உங்க அப்பா கை பழகட்டும், ஞாயித்துக்கிழமை ஆடிக்கிட்டே பேசி முடிவு பண்ணிடலாம்” என்று மட்டையைக் கொடுத்தனுப்பியவர் அவர்தான். இன்று அவர் வாயிலிருந்து வருவதுதான் கல்யாணம்.

அதற்கு மேல் இன்னொரு சிக்கல். அப்பா இன்ஜினியர், சொந்தக் கம்பெனி என்று பாப்பா அங்கே சொல்லி வைத்திருந்தாள். வரும் வழியெல்லாம் ஒரே பாட்டு. “அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் லாரி, பட்டறைன்னு வாயைத் தொறந்துடாதீங்க, ப்ளீஸ்.” மெக்கானிக்குக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் விடியற்காலையில் எழுந்து மண்ணெண்ணெயிலும் சோப்புத்தூளிலும் மாற்றி மாற்றிக் கை கழுவினார். பெற்றவர் வேறு என்ன செய்வார்?

டாக்டர் கைகுலுக்கிவிட்டு நேராகப் பாடத்துக்கு வந்துவிட்டார். தன் மட்டை ஒன்றை நீட்டினார். “இடது கையை முதல்ல வைங்க சார். உள்ளங்கையில இல்ல, விரல்ல பிடிக்கணும். வலது கை அதுக்குக் கீழ. வலது சுண்டுவிரல் இடது ஆள்காட்டி விரல் மேல ஏறி உக்காரட்டும்.”

சொன்னதோடு விடாமல் விரல் விரலாகப் பிடித்துத் தானே வைத்துவிட்டார். மெக்கானிக்குக்கு வேர்த்தது. எலும்பு டாக்டர் பிடியில் கையைக் கொடுத்துவிட்டு எதை மறைப்பது?

“கை இப்படிக் காய்ச்சிருக்கே. என்ன இன்ஜினியரிங் சார்?”

“ஆட்டோமொபைல், அங்கிள்,” என்றாள் பின்னாலிருந்து பாப்பா, கேள்வி முடிவதற்குள்.

“ஸ்பேனர் மாதிரி இறுக்காதீங்க. தோளைத் திருப்புங்க, தலை அசையக்கூடாது. கையால வெட்ட வேணாம், உடம்பு திரும்பினா மட்டை தானா வரும்.”

ஸ்பேனர் என்றதும் மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் வீச்சு காற்றுக்குப் போனது. இரண்டாவது வீச்சில் மட்டை பாயில் அறைந்து முழங்கை வரை அதிர்ந்தது. மூன்றாவதில் பந்து நாலடி உருண்டு, போதும் என்று நின்றுகொண்டது.

“பரவாயில்ல. நான் அனுப்பின ஏழாம் நம்பரை எடுங்க. அது உங்க உயரத்துக்குச் சரியா இருக்கும்.”

“இதுவே நல்லா இருக்கு டாக்டர்.”

“அட, எடுங்க சார்.”

தப்ப வழியில்லை. துண்டைப் பிரித்தார். டாக்டர் மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மட்டையின் கழுத்தில் வைஸின் பல் பதிந்த தடத்தை விரலால் தடவினார்.

“என்ன ஆச்சு இதுக்கு?”

“கார் கதவுல நசுங்கிடுச்சு அங்கிள்!” என்றாள் பாப்பா.

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. “அப்படியா சார்?”

மெக்கானிக் வாழ்க்கையில் ஒரு வண்டிக்காரனிடம்கூடப் பொய் சொன்னதில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார். அதில் ரத்தமே இல்லை.

“ஆமா டாக்டர். கதவுதான்.” தலை தானாகக் குனிந்தது. “என் தப்பு. மன்னிச்சுக்குங்க.”

அந்தக் குனிந்த தலையைத்தான் பாப்பாவால் தாங்க முடியவில்லை. “இல்ல அங்கிள். எங்கப்பா லாரி மெக்கானிக். வளைஞ்சிருக்குன்னு நெனச்சு நிமிர்த்தியிருப்பார். கம்பெனியெல்லாம் கிடையாது, ஒரு பட்டறைதான்.” குரல் உடைந்தது.

டாக்டர் மட்டையைக் கீழே ஊன்றினார். “என் பையனுக்கு இது தெரியுமா?”

“தெரியும். அவர்தான் அப்படிச் சொல்லச் சொன்னார். நெசத்தைச் சொன்னா நீங்க எங்களை வாசல்லயே நிறுத்திடுவீங்கன்னு சொன்னார்.”

டாக்டரின் காது மடல் சிவந்தது. அங்கிருந்த மர பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார். “நிறுத்தியிருப்பேன்தான்” என்றார். மறைக்காமல் சொன்னார், அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன். “சரி, நடந்தது நடந்துடுச்சு. எனக்கு ஆட்சேபணை இல்ல சார். அடுத்த வாரம் நாங்க வீட்டுக்கு வர்றோம். மேற்கொண்டு பேசுவோம்.”

பாப்பா விசும்பலை நிறுத்தினாள். காலையிலிருந்து அவள் காத்துக் கிடந்த வார்த்தை அதுதான். அப்பாவைப் பார்த்தாள்.

மெக்கானிக்கின் தலை நிமிர்ந்திருந்தது. உள்ளுக்குள் கோபம் குமுறியது. அது டாக்டர் மேல் இல்லை.

“அவசரப்படாதீங்க டாக்டர்,” என்றார். “மாமனார் செய்யற தொழிலைச் சொல்லக் கூசற பையனுக்குப் பொண்ணு குடுக்கலாமான்னு நான் இன்னும் யோசிக்கவே இல்லையே.”