பதினேழு பேருக்கு ஒரே கணக்கு

2024 நவம்பர் 12, செவ்வாய். இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். 'கிளாஸ்' என்ற கணக்குக்கு விக்கியில் திருத்தும் உரிமை கொடுத்தேன். கேட்டது ஒரு ஆள். போய்ச் சேர்ந்தது பதினேழு பேருக்கு.

வகுப்பின் கடைசி மேஜையில் உட்கார்ந்து நாட்குறிப்பு நோட்டில் எழுதிய லிஜி, 'சிறிய' என்ற சொல்லை அடித்தாள். அடித்தது மிகையோ என்று தோன்றவே மறுபடி எழுதினாள்.

பாறசாலைச் சந்தைக்கு எதிரே மேல்மாடியில் நடக்கும் அந்த மாலை வகுப்பில் ஏழு கணினி, பதினேழு பேர், ஒரே கணக்கு. பாஸ்வேர்டு சுவரில் மார்க்கரால் எழுதியிருக்கும். தனித்தனிக் கணக்கு கொடுத்தால் தனித்தனியாக மறப்பார்கள் என்பது வகுப்பை நடத்தும் விஜயதாஸ் சாரின் கண்டுபிடிப்பு. இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகளின் பலத்தில்தான் அவர் ஆறு வருடமாக டை கட்டுகிறார்.

'ஏடு' என்பது கிராம நூலகங்களுக்கான திறந்த மூல மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். அதை நிறுவும் வழியெல்லாம் அதன் விக்கியில், பலர் சேர்ந்து எழுதும் இணையப் பக்கங்களில்தான் இருக்கிறது. எட்டு மாதம் பிழை திருத்தித் திருத்தி, லிஜி அங்கே தமிழ்ப் பக்கங்களின் பொறுப்பை வாங்கியிருந்தாள். யார் அங்கே கை வைக்கலாம் என்று அவள் முடிவு செய்யலாம். அவளிடம் முடிவு கேட்ட முதல் இடம் அதுதான்.

விஜயதாஸ் வகுப்பு நடுவில் வைத்துக் கேட்டார். "மக்கா, நம்ம கிளாஸுக்கும் ஒரு உரிமை குடு. நாட்டுக்கு சேவையாக்கும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லிஜி கொடுத்துவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு திருத்தம். முகப்பில், கூடப் படிக்கும் நிபினின் பைக் படம். அதற்குக் கீழே டை கட்டிய விஜயதாஸ், 'தலைமை ஆலோசகர்' என்ற பட்டத்தோடு. மென்பொருளைப் புதுப்பிக்கும் முறை சொல்லும் பக்கத்தில் 'முதலில் பேக்கப் எடுத்து வையுங்கள்' என்ற வரியையே யாரோ அழித்திருந்தார்கள். அதை நம்பி ஒரு நூலகம் புதுப்பித்தால் அதன் புத்தகப் பட்டியல் மொத்தமும் போகும். லிஜி முதல் வேலையாக அந்த வரியைத் திரும்பப் போட்டாள்.

அதற்குள் 'ஏடு' திட்டத்தை நடத்தும் ஸ்மிதாவின் செய்தி வந்தது: 'செய்தது யார்? காலை பத்து மணிக்குள் பதில் வேண்டும். இல்லையென்றால் உரிமை கொடுத்தவரின் பொறுப்பு போகும்.'

"எலே, பேக்கப் வரிய அழிச்சது ஆரு?" என்று லிஜி கேட்டாள்.

நிபின் சிரித்தான். "பேரு பாரு. கிளாஸ்ணு தானே இருக்கு? கிளாஸ் அழிச்சுது."

விஜயதாஸ் டையை இறுக்கினார். "இது வெளிய உள்ள ஹேக்கராக்கும். அப்பிடி எழுதி விடு மக்கா. ஒனக்க பொறுப்பும் போவாது."

"ஹேக்கருக்கு ஒங்களுக்க போட்டோ எங்க கெடச்சு சாரே?"

"அவனுவளுக்கு எல்லாம் கிட்டும்."

"எனக்க பைக்கும் அவனுக்கு பிடிச்சு போச்சு, பாரேன்" என்றான் நிபின்.

உலகத்தில் இத்தனை வங்கிகள் இருக்க, ஒரு டையைத் தேடிப் பாறசாலைக்கு வந்த ஹேக்கர்! லிஜிக்கு இளக்காரமாக இருந்தது. ஆனாலும் 'ஹேக்கர்' என்று தட்டச்சு செய்து பார்த்தாள். ஸ்மிதா நம்பினாலும் நம்புவார். பொறுப்பும் தங்கும். அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அதற்கும் ஒரு டை முளைப்பது போலிருந்தது. அழித்தாள்.

'பலர் பயன்படுத்தும் கணக்கு என்று தெரிந்தேதான் கொடுத்தேன். எல்லார் முன்னாலும் முடியாது என்று சொல்லக் கூச்சம். அந்த உரிமையை இப்போது எடுத்துவிட்டேன். லிஜி.'

பின்னால் நின்று வாசித்த விஜயதாஸ் தலையில் அடித்துக்கொண்டார். "செரி, போட்டும். எனக்க படத்த மட்டும் எடுக்காத. நல்ல படமாக்கும்."

பத்து நிமிடத்தில் ஸ்மிதாவின் பதில்: 'நன்றி. உரிமை வழங்கும் பொறுப்பைத் திரும்ப எடுக்கிறோம். நீங்கள் பக்கங்களைத் திருத்தலாம்.'

லிஜி நோட்டை மறுபடி திறந்தாள்.

பொறுப்பு போனது. அழுவேன் என்று நினைத்தேன், பசிதான் எடுத்தது. சாரைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி உண்டா, தெரியவில்லை. சிரித்தேன்.

நாளை: மீதி நாற்பது திருத்தங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.