மகள் ஓட்டும் பேருந்து

எந்த ஓட்டுநர் எந்தத் தடத்தில் போவது என்று பேருந்துப் பணிமனையில் முறை போடுவது அவருடைய வேலை. மகள் ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பித்ததும் மேலாளரிடம் முதலில் போய்ச் சொன்னவரும் அவர்தான். நேர்காணல் அன்று பணிமனைப் பக்கமே வரவில்லை. அவள் தேறினாள். அவளுக்கு முறை போடும் பொறுப்பை மேலாளர் இன்னொரு அதிகாரியிடம் கொடுத்தார்.

அன்றிலிருந்து அவளுக்கு அவர் 'சார்'. அவள் சிரித்தபடி கடந்து போவாள். அவர் தலை நிமிர மாட்டார். முன்பெல்லாம் சாப்பிட்ட கை காயும்வரை கதை பேசுகிறவர்கள். இப்போது எதைப் பேசினாலும் வேலையில் வந்து முட்டியதால், வீட்டிலும் பேச்சு நின்றது.

அந்த அதிகாரி விடுப்பில் போன வாரம் அவளுக்கும் அவரே முறை போட வேண்டியதாயிற்று. விடியலில் கிளம்பும், குண்டும் குழியுமான, யாரும் வேண்டாத தடத்தையே வாரம் முழுக்கப் போட்டார். அவள் கண் சிவந்து வீடு திரும்பி, சீருடையோடு தூங்கிப் போனாள்.

மேலாளர் அவரைக் கூப்பிட்டார்.

"மத்தவங்களுக்கு அந்த ரூட் மாத்தி மாத்தித்தானே வரும்? உங்க பொண்ணுக்கு மட்டும் ஏன் தினமும்?"

"வேலியே பயிரை மேயுதுன்னு நாலு பேர் சொல்லிடக் கூடாதுன்னுதான் சார்."

"சலுகை காட்டக் கூடாதுன்னா தண்டிக்கணும்னு அர்த்தமா? உங்க நல்ல பேருக்கு அவ ஏன் தூக்கத்தைக் கொடுக்கணும்? இனிமே அந்த ஆபீசர் லீவுல போனா அவ டூட்டிய நான் போடறேன்."

அவருக்குச் சுருக்கென்றது.

தன் விடுமுறை நாளில், மனைவியிடம்கூடச் சொல்லாமல், மகளின் பேருந்தில் ஏறிச் சீட்டு வாங்கிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தார். நெரிசலில் அவளுடைய பின்னல் மட்டும் தெரிந்தது. குறுகலான திருப்பத்தில் வண்டி அலுங்காமல் வளைந்தபோது, பக்கத்தில் இருந்தவரிடம் 'என் பொண்ணு' என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பின்னும் எழ மனம் வரவில்லை. அவள் நடந்து வந்தாள்.

"அப்பா, டீ குடிக்கலாமா?"

அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

"நீ டூட்டியில இருக்கியேம்மா."

"இது பிரேக்குப்பா. எல்லா டிரைவருக்கும் உண்டு."

"அந்த ரூட்டு..." என்று தொடங்கினார்.

"திட்டணும்னுதான் இருந்தேன். வீட்டுல வந்து திட்டறேன், இறங்குங்க."

கடை வாசலில் நின்று அவள் மடமடவென்று குடித்துவிட்டு வண்டியைப் பார்த்தாள். அவர் டீயை வாயருகே வைத்தபடி நின்றார். அது தீர்ந்தால் அவள் போய்விடுவாள்.